பத்தொன்பது நாள் நீடித்த ஏப்ரல் பன்னிரண்டு

இந்த விழாவின் தலைமை இருக்கையை முப்பதாவது ஆண்டாக அழகு செய்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற மருத்துவமனைப் பதிவு எழுத்தர், நம் எல்லோராலும் 'முத்திரை ஐயா' என்று அன்போடு அழைக்கப்படும் பெரியவர் அவர்களே; எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, இப்போது எங்கே அதிகம் பேசிவிடுவேனோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தலைமையாசிரியை அவர்களே; ஒரே நாளில் பிறந்து ஊரையே வியக்க வைத்த விழா நாயகர்கள் இருபத்துமூவரே; அவர்களைச் சுமந்து பெற்ற பெருமையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே; பெருமையில் பாதியைப் பங்கு கேட்டுப் பின்வரிசையில் வீற்றிருக்கும் தந்தையரே; கேக் எப்போது வெட்டுவார்கள் என்ற ஒரே கேள்வியோடு கதவோரம் நிற்கும் என் வகுப்புத் தோழிகளே; உங்கள் அனைவருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பணிவான மாலை வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'ஏப்ரல் பன்னிரண்டின் பெருமை'. தரப்பட்ட நேரம் பத்து நிமிடம். தலைப்பைத் தாண்ட மாட்டேன். நேரத்தைப் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை.

ஆண்டுகள் வருகின்றன, போகின்றன. ஆனால் ஏப்ரல் பன்னிரண்டு என்ற வாசல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறை திறக்கிறது. அந்த வாசல் வழியாக யார் யார் நடந்திருக்கிறார்கள் தெரியுமா?

1633. எழுபதைத் தொடப்போகும் ஒரு முதியவரை விசாரணை மண்டபத்தில் நிறுத்துகிறார்கள். அவர் செய்த குற்றம் என்ன? கொள்ளையா, கொலையா, கலகமா? பூமி சுற்றுகிறது என்று எழுதினார். அவ்வளவுதான். அந்த வழக்கின் முதல் விசாரணை நடந்த நாள் ஏப்ரல் பன்னிரண்டு.

முந்நூற்று இருபத்தெட்டு ஆண்டுகள் கழிகின்றன. 1961. ஒரு தச்சரின் மகன், இருபத்தேழு வயது இளைஞர், ஓர் உலோக உருண்டைக்குள் அமர்ந்து விண்ணில் ஏறுகிறார். அந்த முதியவர் எந்தப் பூமி சுற்றுகிறது என்று சொன்னாரோ, அதே பூமியை இவர் சுற்றி வருகிறார். மண்ணைவிட்டு விண்ணைத் தொட்ட முதல் மனிதர். என்ன நாள்? ஏப்ரல் பன்னிரண்டு.

இடையில் 1955. குழந்தைகளின் கால்களைக் களவாடிக்கொண்டிருந்த இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கிடைத்துவிட்டது, அது பாதுகாப்பானது, பலன் தருவது என்று அறிவிக்கிறார்கள். மணிகள் ஒலித்தன. தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதுவும் ஏப்ரல் பன்னிரண்டு.

பிறகு 1981. விண்ணுக்குப் போய் விமானம்போலத் திரும்பி இறங்கும் முதல் ஓடம் புறப்படுகிறது. முதல் மனிதர் விண்ணுக்குப் போய்ச் சரியாக இருபது ஆண்டுகள் நிறைந்த அதே நாள். அதே 1981 ஏப்ரல் பன்னிரண்டில் நம் ஊர் அரசு மருத்துவமனையில்...

கைத்தட்டுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஒரே நாளில் நம் மருத்துவமனையில் இருபத்துமூன்று குழந்தைகள் பிறந்ததாகப் பதிவேடு சொல்கிறது. யாருக்கும் அது உடனே தெரியவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் வகுப்பில் சேர்த்தபோதுதான், அன்றைய ஆசிரியை வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதிகளை எழுதிக்கொண்டே வந்து, எட்டாவது பிள்ளையில் பேனாவைக் கீழே வைத்தாராம். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. அன்று தொடங்கியது இந்தக் கூட்டுப் பிறந்தநாள் விழா. ஒரே கேக், ஒரே கத்தி, அதன்மேல் இருபத்துமூன்று கைகள். அத்தனை சான்றிதழையும் ஒரே நாளில் எழுதிய கை என்று முத்திரை ஐயாவுக்கு மாலை. அதனால்தான் இந்த இருபத்துமூவருக்கு 'பன்னிரண்டாம் தேதிக்காரர்கள்' என்று பெயர்.

இந்த விழாவில் மற்றவர்களைப்போல் பேசிவிட்டுப் போகக் கூடாது என்று எனக்கு ஆசை. 'அதிகாலை இத்தனை மணிக்கு முதல் குழந்தை, அடுத்த அரைமணியில் அடுத்த குழந்தை' என்று மணிவாரியாக அந்த நாளை உங்கள் கண்முன் கொண்டுவர நினைத்தேன். தலைமை மருத்துவரிடம் அனுமதி வாங்கி, மருத்துவமனைப் பதிவறைக்குப் போனேன்.

ஜன்னலில்லாத சின்ன அறை. கூரைவரை இரும்பு அலமாரி. அங்கே பணிபுரியும் அக்கா, நூலால் கட்டிய ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். "பாத்து பிரி, உன்னைவிட மூத்த காகிதம்" என்றார். உள்ளே இருபத்துமூன்று பிறப்புச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பிரசவ அறைச் செவிலியர் கையால் எழுதிய வரிசை எண், கிழமை, நேரம், தாயின் பெயர், ஆணா பெண்ணா என்ற குறிப்பு. அடியில் பதிவு மேசையில் குத்திய ஊதா நிறத் தேதி முத்திரை. சான்றிதழில் ஏறுவது அந்த முத்திரைத் தேதிதான்.

நேரப்படி அடுக்கினேன். அதிகாலை மூன்று மணிக்கு மட்டும் நான்கு குழந்தைகள். அன்றைக்குப் பிரசவ அறையில் இருந்தவை இரண்டே கட்டில்கள்.

"அக்கா, நாலு பேர் எப்படி?" என்றேன்.

"நெருக்கிப் படுத்திருப்பாங்க" என்றார் அவர், நிமிராமல்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சீட்டுகளை வரிசை எண்படி மாற்றி அடுக்கினேன். அப்போதுதான் கிழமைகளைப் படித்தேன். முதல் சீட்டு ஞாயிறு. இரண்டாவது திங்கள். மூன்றும் நான்கும் செவ்வாய். அடுத்தது புதன். இப்படியே போய் மறுபடி ஞாயிறு, மறுபடி திங்கள், மூன்றாவது முறை புதன். கிழமைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அடியில் முத்திரை மட்டும் அசையாமல் நிற்கிறது: 12 ஏப்ரல், 12 ஏப்ரல், 12 ஏப்ரல்.

அவையோரே, ஒரே நாள் ஞாயிறாகவும் இருந்து புதனாகவும் இருக்க முடியுமா? அந்த ஆண்டின் நாட்காட்டியைத் தேடிப் பார்த்தேன். 1981 ஏப்ரல் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை. வேறெந்தக் கிழமையும் இல்லை.

அரங்கில் ஒரு சலசலப்பு எழுகிறது. எழட்டும்.

அந்தச் சீட்டுகளில் ஒன்று என் சித்தியுடையது. நேராக முத்திரை ஐயாவின் வீட்டுக்குப் போனேன். என்னிடம் சொன்ன அனைத்தையும் இங்கே சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டவரே அவர்தான். ஆகவே அவரை ஒரு முறை வணங்கிவிட்டுச் சொல்கிறேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்து செடித்தொட்டிக்கு மண் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் சித்தி பிறந்தது ஞாயித்துக்கிழமையா, புதன்கிழமையா?"

கை நின்றது. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். திறந்தால், உள்ளே மரப்பிடி போட்ட அந்தத் தேதி முத்திரை.

"பதிமூணாம் தேதி காலையில சக்கரத்தைத் திருப்பினேம்மா. சுத்தல. உள்ள பல்லு ஒடஞ்சு போச்சு."

"கையால எழுதியிருக்கலாமே ஐயா?"

"கையால திருத்தின சீட்டு செல்லாது. முத்திரையே இல்லாத சீட்டும் செல்லாது. விதி அது. புது முத்திரை வேணும்னு அன்னைக்கே மேலிடத்துக்குக் கடிதம் போட்டேன்."

"பதில் வரலையா?"

"வந்துச்சு. என் கடிதத்துலயும் அதே முத்திரையைத்தானே குத்தி அனுப்பணும்? 'தங்கள் கடிதத்தில் பன்னிரண்டாம் தேதி தெளிவாகப் பதிந்துள்ளது, முத்திரையில் குறை ஏதும் காணப்படவில்லை'ன்னு பதில் வந்துச்சு."

சிரியுங்கள், ஐயாவும் சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. புது முத்திரை வந்து சேர்ந்தது மே முதல் தேதி. அந்தப் பத்தொன்பது நாளும் நம் மருத்துவமனையில் ஏப்ரல் பன்னிரண்டுதான். பூமி சுற்றியது, முத்திரை சுற்றவில்லை.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பிள்ளைங்க பள்ளிக்கூடம் சேர்ந்து, விழா எடுத்து, எனக்கு மாலையும் போட்டுட்டாங்க. மாலையைக் கழுத்துல வாங்கிக்கிட்டு எப்படிம்மா சொல்றது? அடுத்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம்னு இருபத்தொன்பது வருஷம் ஆயிடுச்சு."

உண்மையை மறைத்தவரா இவர்? உடைந்த முத்திரையை எறியாமல் இத்தனை ஆண்டு பத்திரப்படுத்தியவர், எவராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் என்றே நான் கருதுகிறேன். ஒருத்தி வந்து கேட்க முப்பத்தைந்து ஆண்டு ஆகிவிட்டது.

நடத்துநர் மாமா கையை உயர்த்துகிறார். 'இப்ப என்னதான் சொல்ல வர்றே' என்பதுதானே கேள்வி? வருகிறேன், மாமா. உங்கள் பேருந்தைவிட நான் சீக்கிரம் வந்துவிடுவேன்.

மூன்றாவது வரிசையில், ஓரத்தில், நீல நிறச் சேலையில் அமர்ந்திருக்கும் என் சித்தியை உங்கள் அனைவருக்கும் தெரியும். இருபத்துமூவரில் ஒருவர். எங்கள் பள்ளி வேனை ஓட்டுகிறவர். இந்த ஊரில் எந்தத் தெருவில் வேகத்தடை இருக்கிறது, எந்த முனையில் மாடு படுத்திருக்கும், எந்தச் சந்து மழைநாளில் மூழ்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சென்ற ஆண்டு வேனில் ஒரு சிறுமிக்கு மூச்சுத்திணறல் வந்தது. பதினோரு பிள்ளைகளையும் ஏற்றியபடியே, ஒரு குலுக்கல் இல்லாமல், ஆறு நிமிடத்தில் மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தச் சிறுமி இதோ, கதவோரம் கேக்குக்காகக் காத்திருக்கிறாள்.

சித்தியின் ஆசை ஆம்புலன்ஸ் ஓட்டுவது. ஆணும் பெண்ணுமாகப் புதிய ஓட்டுநர்களை எடுக்கிறார்கள். விதி என்ன தெரியுமா? இந்த ஏப்ரல் இருபதாம் தேதி முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. சான்றிதழ்ப்படி சித்திக்கு இன்று முப்பத்தைந்து நிறைந்துவிட்டது. எட்டு நாள் வித்தியாசத்தில் கதவு மூடுகிறது.

ஆனால் அவருடைய சீட்டின் வரிசை எண் இருபத்தொன்று. அதில் மூன்றாவது முறையாக வந்த புதன்கிழமை. அப்படியென்றால் அவர் பிறந்தது ஏப்ரல் இருபத்தொன்பது. முப்பத்தைந்து நிறைய இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது.

சித்தி, செருப்பைத் தேட வேண்டாம். உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐயா எழுதித் தந்த வாக்குமூலத்தோடு நானும் ஐயாவும் பிறப்புப் பதிவாளரிடம் போனோம். அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு நடந்திருக்குன்னு தெரியுது. ஆனா ஒரே முத்திரை ஒருத்தருக்குத் தப்பு, மத்தவங்களுக்குச் சரின்னு நான் எழுத முடியாதும்மா. திருத்தினா மொத்தமா திருத்தணும். இருபத்துமூணு பேரும் கையெழுத்து போடட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க" என்றார். இன்று செவ்வாய்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். வேனின் சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுடி" என்றார்.

"ஏன் சித்தி?"

"என் ஒருத்தி வேலைக்காக இத்தனை பேரோட பிறந்தநாளைப் பிடுங்கணுமா? வருஷத்துல ஒரு நாள் எல்லாரும் ஒண்ணா நிக்கிறோம். அதைக் கெடுத்துட்டு எந்த மூஞ்சியோட ஆம்புலன்ஸ் ஓட்டுறது?"

இதுதான் செய்தி. சித்தி கேட்கமாட்டார். ஆகவே நான் கேட்கிறேன். ஏப்ரல் பன்னிரண்டின் பெருமையைப் பேச வந்தவள், ஏப்ரல் பன்னிரண்டை விட்டுக்கொடுங்கள் என்று உங்களிடம் கேட்கிறேன்.

'எங்க பிறந்தநாள் போயிடுமே' என்று பேக்கரி மாமா கேட்பது இங்கே கேட்கிறது. நியாயமான கேள்வி. அதற்கு நான் 1981க்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த விண்ணோடம் உண்மையில் பத்தாம் தேதி புறப்பட வேண்டியது. அதன் ஐந்து கணினிகளில் ஒன்று மற்ற நான்கோடு நேரத்தில் ஒத்துப்போகவில்லை. ஒரு நொடியில் ஒரு துளி வித்தியாசம். பயணம் இரண்டு நாள் தள்ளிப்போனது. அதனால்தான் பன்னிரண்டாம் தேதி வாய்த்தது. பத்தாம் தேதியே பறந்திருந்தால் அது உயரம் குறைவாகவா பறந்திருக்கும்?

நாள் அவர்களுக்குப் பெருமை தரவில்லை. அவர்கள்தான் நாளுக்குப் பெருமை தந்தார்கள். நீங்களும் அப்படித்தான். பேக்கரி மாமாவின் கடையில் தீப்பிடித்தபோது வாளியோடு ஓடியவர்கள் யார்? நடத்துநர் மாமா காலை ஒடித்துக்கொண்டு மூன்று மாதம் படுத்திருந்தபோது முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோனவர்கள் யார்? காசாளர் அத்தையின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் யார்? அதையெல்லாம் ஓர் ஊதா மையா செய்தது? உடைந்த சக்கரம் உங்களை ஒரு தாளில் ஒன்றாக நிறுத்தியது, உண்மை. முப்பது ஆண்டு ஒன்றாக நின்றது நீங்கள். அந்தச் சொந்தத்தைத் திருத்துவதற்கு எந்தப் பதிவாளரிடமும் படிவம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. பூமி சுற்றவில்லை என்று அந்த முதியவரைச் சொல்ல வைத்தார்களே, அதைக் கேட்டுப் பூமி நின்றதா? நீங்கள் பிறந்த நாளும் அப்படித்தான். தாளில் என்ன இருந்தாலும், ஒரு செவ்வாயில், ஒரு வியாழனில், ஒரு சனியின் விடியலில் நீங்கள் வந்து பிறந்தீர்கள். உங்களுக்கென்று ஒரு நாள், முப்பத்தைந்து ஆண்டாக, வாழ்த்த ஆளில்லாமல் வந்து வந்து போயிருக்கிறது.

என்ன சொல்கிறீர்கள் அம்மா? ஒலிபெருக்கியைக் கொஞ்சம் முன்வரிசைக்குக் கொடுங்கள்.

கேட்டீர்களா? பேக்கரி மாமாவின் அம்மா சொன்னதை, கேட்காதவர்களுக்காக நான் திரும்பச் சொல்கிறேன். "நீ சனிக்கிழமைடா. பெத்தவ எனக்குத் தெரியாதா? அன்னைக்கே உங்க அப்பாகிட்ட சொன்னேன். சீட்டுல முத்திரை குத்தியிருக்கு, நீ பேசாம இருன்னுட்டார்."

தாய்மார்களே, நான் பதிவறையில் ஒரு நாள் முழுக்கத் தூசியைத் தின்று கண்டுபிடித்ததை நீங்கள் அனைவரும் முப்பத்தைந்து ஆண்டாக அறிந்திருந்தீர்கள். உங்களை ஒருவரும் கேட்கவில்லை. என் சித்தியைப் பெற்றவர் மட்டும் இன்று இல்லை. அவருக்காகப் பேச ஒரு செவிலியர் எழுதிய 'புதன்' என்ற சொல் மட்டும்தான் இருந்தது.

மனு இதோ, ஐயாவின் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை ஐயாவே போட்டுவிட்டார். தாள் இப்போது உங்கள் வரிசைக்கு வருகிறது. கட்டாயம் இல்லை. விருப்பமில்லாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம், எவரும் எதுவும் கேட்கமாட்டோம்.

மின்வேலை மாமா போடுகிறார். காசாளர் அத்தை தன் சொந்தப் பேனாவை எடுக்கிறார். ஊரார் பேனாவை நம்பாதவர். தையற்கடை இரட்டையர் ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்துப் போடுகிறார்கள். நடத்துநர் மாமா... "எல்லாரும் உள்ள போங்க, இடமிருக்கு" என்று சொல்லிக்கொண்டே போடுகிறார். பேக்கரி மாமா தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். யோசியுங்கள் மாமா. அவசரமில்லை.

என்ன மாமா? "இனி பத்தொன்பது நாள்ல எத்தனை கேக் போடணும்?" என்று கேட்கிறார். நானும் கணக்குப் பார்த்தேன். ஒரே நாளில் இருவர் மூவர் பிறந்திருக்கிறார்கள், சில நாளில் எவரும் பிறக்கவில்லை. மொத்தம் பதினாறு கேக். போட்டுவிட்டார், போட்டுவிட்டார். இப்போது தட்டுங்கள், மிச்சம் வைத்த கைத்தட்டல் இதற்குத்தான்.

தாள் மேடைக்குத் திரும்பிவிட்டது. எண்ணிப் பார்க்கிறேன். இருபத்துமூவரில் இருபத்திரண்டு பேர். இல்லாத ஒன்று எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

சித்தி, மேடைக்கு வாங்க.

தலையாட்ட வேண்டாம். உங்கள் ஒருத்திக்காக எல்லோரிடமிருந்தும் பிடுங்க மாட்டேன் என்றீர்கள். யாரிடமிருந்தும் எதுவும் பிடுங்கவில்லை, அவரவரே கொடுத்துவிட்டார்கள். இப்போது நீங்கள் போடாவிட்டால்தான் இருபத்திரண்டு பேருக்கும் கெடுதல். பதிவாளர் அம்மா இருபத்துமூன்றும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

வருகிறார். வழிவிடுங்கள். ஐயா எழுந்து நின்று பேனாவை நீட்டுகிறார்.

"ஐயா, உங்களுக்கு இனிமே மாலை..." என்று சித்தி ஏதோ கேட்கிறார்.

"எனக்குக் கழுத்து லேசாச்சும்மா. போடு" என்கிறார் ஐயா.

அவையோரே, இருபத்துமூன்று.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பதிவறையைத் திறந்துவிட்ட மருத்துவருக்கும், தூசி தட்டிக்கொடுத்த அக்காவுக்கும், முதல் கையெழுத்திட்ட தலைவர் ஐயாவுக்கும், கைக்கடிகாரத்தைக் கடைசியில் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்ட என் தலைமையாசிரியைக்கும் நன்றி.

விடைபெறுமுன் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு நான் இன்று வாழ்த்துச் சொல்லப்போவதில்லை. அவரவர் நாளில், அவரவர் வீட்டு வாசலில் வந்து சொல்கிறேன். முதல் சீட்டுக்குரியவர் ஒருவர் மட்டும் உண்மையிலேயே ஏப்ரல் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்துக்குப் பிறந்தவர். இந்த நாள் முழுக்க முழுக்க அவருக்கே சொந்தமாக இருந்தும், இதுவரை நடந்த இருபத்தொன்பது விழாவிலும் கேக்கை வெட்ட இருபத்திரண்டு கைகளுக்கு அடியில் தன் கையை வைத்துவிட்டு, கடைசித் துண்டை வாங்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடுகிறவர். தன் கையெழுத்தால் தனக்கு எந்த மாற்றமும் இல்லை என்று தெரியாமலே, தாள் கைக்கு வந்ததும் யோசிக்காமல் போட்டவர்.

சலவைக்கடை அக்கா, எழுந்து முன்னால் வாங்க. கத்தி உங்கள் கைக்கு. இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். எல்லோருக்கும் என் வணக்கம்.